கன்றின் நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக்கோடு மெலாக்சிகாம் ஊசியும் எதற்கு?

தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் மார்கழிப் பனியில் கன்றுக்கு நிமோனியா கண்டால், டாக்டர் இரண்டு ஊசி போடுவார். ஒரு நோய்க்கு இரண்டு மருந்து ஏன் என்று பலரும் கேட்கிறார்கள்.

ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும். மெலாக்சிகாம் கிருமியைத் தொடாது. நுரையீரலின் வீக்கம், காய்ச்சல், வலி மூன்றையும் தணிக்கும்.

கிருமியை எதிர்க்க உடம்பே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. ரத்தக்குழாய்கள் விரிந்து கசிய, காற்றறைகளில் நீர் கோக்கிறது. வைக்கோல் போரில் தீப்பிடித்தால் ஊரே கூடித் தண்ணீர் இறைப்போமே, அப்படித்தான்: தீ அணையும், மிச்ச வைக்கோலும் ஊறி வீணாகும். மாட்டின் நுரையீரல் அதன் உடம்புக்குச் சிறியது. அதில் ஒரு பகுதி தழும்பேறினால், அந்தக் கிடேரி வளர்ச்சியில் பின்தங்கிவிடும். மெலாக்சிகாமால் அந்தச் சுரப்பைக் குறைத்து, வீக்கத்தை முதல் நாளே அடக்குவது அதற்காகத்தான்.

அளவு, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், பொதுவாக ஒரே தடவை. 50 கிலோ கன்றுக்கு 25 மில்லிகிராம். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள பாட்டிலானால் 5 மில்லி. செறிவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், லேபிளைப் பார்த்தே ஆகவேண்டும். கழிச்சலில் வற்றிப்போன கன்றுக்கு முதலில் நீர்ச்சத்து ஏற்றுங்கள், இல்லையென்றால் சிறுநீரகம் கெடக்கூடும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்தால் வயிற்றில் புண் வரக்கூடும். டைக்ளோபினாக் என்ற வலி மருந்து வேண்டவே வேண்டாம். அதைப் போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளைக் கொன்றதால் கால்நடைக்கு அது 2006லேயே தடைசெய்யப்பட்டது.

மாலைக்குள் காய்ச்சல் இறங்கி, கன்று பால் குடித்ததும் குணமாகிவிட்டதென்று நினைத்து ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடுகிறார்கள். இறங்கியது காய்ச்சல் மட்டும்தான், கிருமி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.