பத்து நாள் நோட்டீஸ்: இயக்குநர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பின்னலாடை நிறுவன இயக்குநர், திருப்பூர்): நூல் கொடுத்தவர் 1.4 கோடி ரூபாய் பாக்கி என்று திவால் சட்டத்தின் 8ஆவது பிரிவில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நூல் சரியில்லாமல் துணி திரும்பி வந்ததால்தான் பணத்தை நிறுத்தினோம். கம்பெனியை மூடிவிடுவார்களா?

பதில்: முதலில் நாளை எண்ணுங்கள். நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து உங்களுக்குப் பத்து நாள்தான். 21 நாள் என்பது 1956ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டக் கணக்கு, அது போய்விட்டது. கடனைக் கட்டவில்லை என்று மூடல் மனு போடும் வழியும் அதோடு போயிற்று. 2016க்குப் பிறகு அந்த வழக்கு திவால் சட்டத்தின் 9ஆவது பிரிவில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகிறது.

உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் தகராறு. ஆனால் அது நோட்டீஸ் வருவதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். மொபிலாக்ஸ் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. தொலைக்காட்சி நடன நிகழ்ச்சி ஒன்றின் வாக்கெடுப்பு வேலையைச் செய்து கொடுத்த நிறுவனம், அந்தத் தகவலைத் தன் இணையதளத்தில் போட்டுவிட்டது. ரகசிய ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று, வேலை கொடுத்த மொபிலாக்ஸ் கம்பெனி 2015 ஜனவரியிலேயே மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தை நிறுத்தியது. நோட்டீஸ் வந்ததோ 2016 டிசம்பரில். அந்தப் பழைய மின்னஞ்சல்தான் கம்பெனியைக் காப்பாற்றியது. உங்கள் வாதம் ஜெயிக்குமா என்று தீர்ப்பாயம் பார்க்காது. தகராறு உண்மையா, வெறும் சாக்கா என்று மட்டும் பார்க்கும்.

டெபிட் நோட், ஆய்வக அறிக்கை, துணி திரும்பி வந்த சலான், அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிப் பதிலோடு அனுப்புங்கள். "எல்லாவற்றையும் மறுக்கிறோம்" என்ற ஒற்றை வரிப் பதில் பயன்படாது.

கேள்வி (கோவை): பாக்கி 62 லட்சம்தான். எனக்கும் இதே நோட்டீஸ் வந்திருக்கிறது.

பதில்: 2020 மார்ச் 24 முதல் குறைந்தபட்சக் கடன் வரம்பு ஒரு கோடி. உங்கள் மீது 9ஆவது பிரிவு மனு நிற்காது. அதைச் சொல்லியே பதில் போடுங்கள். சிவில் வழக்கு வரலாம், கடன் கடன்தான்.

கேள்வி (ஓசூர்): நோட்டீஸ் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடவில்லை.

பதில்: இன்றே போடுங்கள். பதில் அனுப்பவில்லை என்பதாலேயே கதவு அடைபடாது. மனுவுக்கான எதிருரையிலும் தகராறைக் காட்டலாம். ஆனால் மௌனம் உங்களுக்கு எதிராகப் பேசும்.

கேள்வி (நூல் வியாபாரி, ஈரோடு): ஐயா, சரக்கை வாங்கி, விற்று, காசாக்கிவிட்டுத் தரமில்லை என்பவர்களுக்கு வழி சொல்லித் தருகிறீர்கள். கொடுத்தவன் எங்கே போவது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. வாங்கிய அன்று வாய் திறக்காமல், நோட்டீஸ் வந்த பிறகு குறை கண்டுபிடிப்பவருக்கு நான் வழி சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பாயம் வசூல் மன்றம் அல்ல. மனு ஏற்கப்பட்ட அன்றே இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்றுபோகிறது, கம்பெனியை நடத்தத் தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு நிபுணர் உள்ளே வருகிறார், கம்பெனிக்கு எதிரான மற்ற வழக்குகளெல்லாம் தடைபடுகின்றன (இதுதான் தடைக்காலம்). நூறு தையல்காரர்களின் சம்பளமும் அதில் சிக்கும். கடைசியில் வங்கி முன்னே நிற்கும், நீங்கள் பின்னே.

கேள்வி (அவரே): அந்தப் பயம் இருந்தால்தானே பணம் வருகிறது?

பதில்: வருகிறது, மறுக்கவில்லை. பயம் காட்டி வாங்குவதற்கென்றே கெட்ட எண்ணத்தோடு மனு போட்டால் 65ஆவது பிரிவில் ஒரு லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம் இருக்கிறது. உங்கள் பில் சுத்தமாக, எதிர்ப்பின்றி இருந்தால் தாராளமாகப் போங்கள்.

கேள்வி (கரூர்): நாங்கள் இப்போது முன்தேதி போட்டு ஒரு புகார்க் கடிதம் தயார் செய்தால்?

பதில்: கூடாது. ஈரோட்டு நண்பர் சொன்னது உங்களைத்தான். மின்னஞ்சலின் தேதியை யாரும் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். பொய் ஆவணம் புனைவது தனிக் குற்றம்.

கேள்வி (சென்னை): தகராறே இல்லை. கடன் உண்மை, பணம்தான் இல்லை.

பதில்: நேர்மையாகக் கேட்டதால் விரிவாகச் சொல்கிறேன். மனு ஏற்கப்படுவதற்கு முன் தவணை பேசிச் சமரசம் செய்யுங்கள். அதுவரை மனுதாரர் திரும்பப் பெறுவது எளிது. கடன் கொடுத்தோர் குழு அமைந்துவிட்டால் 90 சதவீத ஒப்புதல் வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனமாகப் பதிவு இருந்தால் 240ஏ பிரிவு துணை நிற்கும்: சொந்தக் கம்பெனிக்கே தீர்வுத் திட்டம் (கடனைத் தீர்த்துக் கம்பெனியை மீட்கும் திட்டம்) கொடுக்கலாம். இதற்கிடையில் மைத்துனர் பெயருக்கு இயந்திரத்தை மாற்றாதீர்கள். உறவினருக்குச் சலுகை காட்டிய பரிமாற்றத்தை இரண்டு ஆண்டு பின்னோக்கிப் போய் ரத்து செய்வார்கள்.

கேள்வி (மதுரை): தடைக்காலம் வந்தால் என் செக் வழக்கும், வங்கிக்கு நான் கொடுத்த சொந்த ஜாமீன் மீதான வசூலும் நிற்குமா?

பதில்: கம்பெனிக்கு எதிரான செக் வழக்கு நிற்கும், கையெழுத்துப் போட்ட உங்களுக்கு எதிரானது தொடரும் (மோகன்ராஜ் வழக்கு, 2021). சொந்த ஜாமீனுக்கும் தடைக்காலக் காப்பு இல்லை.

கேள்வி (சேலம்): எத்தனை நாளுக்குள் பதில் போட வேண்டும்?

பதில்: பத்து. மேலே இருக்கிறது, படியுங்கள்.

கேள்வி (நாமக்கல்): ஜிஎஸ்டி பாக்கிக்கும் இதே நோட்டீஸ்தானா?

பதில்: ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி (சேலம், மீண்டும்): பதிவு அலுவலகத்தை மாற்றிவிட்டோம். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்குமோ?

பதில்: கம்பெனிப் பதிவாளரிடம் எந்த முகவரி இருக்கிறதோ அங்கே போனால் போதும். முழுநேர இயக்குநரின் மின்னஞ்சலுக்கு அனுப்பினாலும் செல்லும். பழைய கட்டடத்துக் காவலாளியிடம் தபால் இருக்கிறதா என்று கேளுங்கள். மின்னஞ்சலில் ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள். கிடைத்தால் உறையைக் கிழித்து எறியாதீர்கள், தபால் முத்திரைத் தேதி தேவைப்படும்.