முதலில் அடங்கலை எடுத்துப் பாருங்கள்: பயிர் நிவாரணம் பற்றி வந்த கேள்விகள்

(அடங்கல் என்றால் எந்த வயலில் யார், என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடு.)

கேள்வி: நெல் மொத்தமும் மூழ்கிவிட்டது. ஏக்கருக்கு எவ்வளவு வரும்?

2022-26க்கான மத்திய விதிமுறைப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதாவது ஏக்கருக்கு 7,000க்குக் கொஞ்சம் குறைவு. மானாவாரிக்கு அதில் பாதி, தென்னை மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு 22,500. உச்சவரம்பு 2 ஹெக்டேர். 2024 ஃபெஞ்சல் புயலுக்குத் தமிழக அரசு கொடுத்ததும் இதே தொகைதான், ஆனால் 2023 பிப்ரவரியில் டெல்டாவில் அறுவடை நேரத்தில் பெய்த மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அரசாணை தனி. போன தடவைத் தொகையை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: கால்வாசிப் பயிர்தான் போயிற்று. கிடைக்குமா?

கிடைக்காது. சேதம் 33 சதவீதம் தொட வேண்டும். 2015 வரை இதுவே 50ஆக இருந்தது.

கேள்வி: காப்பீடு கட்டியிருக்கிறேன். நிவாரணமும் கேட்கலாமா?

கேட்கலாம், இரண்டும் வேறு வேறு பை. நிவாரணம் விதை, உரச் செலவுக்காகப் பேரிடர் நிதியிலிருந்து வருகிற இடுபொருள் மானியம், காப்பீடு நீங்கள் பிரீமியம் கட்டி வாங்கியது. ஒன்று வந்தால் மற்றதும் தானாக வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அறுத்துக் காயப்போட்ட கதிர் மழையில் நனைந்தால், காப்பீட்டுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: குத்தகைக்கு உழுகிறேன். நிவாரணப் பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போய்விட்டது. என்ன செய்வது?

இந்தக் கடிதம் ஒவ்வொரு மழைக்கும் வருகிறது, எனக்கும் ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது. விதை, உரம், நடவுக்கூலி எல்லாம் உங்கள் கைக்காசு, ஆனால் குத்தகை வாய்மொழியாகவே நடப்பதால் கணக்கெடுக்க வருகிறவர் கையிலிருக்கும் தாளில் பட்டாதாரர் பெயர்தான் இருக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடுமோ என்று நிலத்துக்காரருக்குப் பயம், கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதோ என்று உங்களுக்குப் பயம், நடுவில் வயலுக்கே வராமல் போன வருஷத்து அடங்கலைப் பார்த்து எழுதுகிற ஆட்களும் இருக்கிறார்கள். நெல் நின்ற வயலுக்கு நிலக்கடலை என்று எழுதியிருந்த அடங்கலை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்! போன பணத்துக்கு இப்போது தாசில்தாரிடம் மனு கொடுங்கள், விதை, உரம் வாங்கிய ரசீதுகளையும் சேர்த்து. பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்துப் போங்கள். திரும்பக் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அடுத்த போகத்துக்காவது நட்ட கையோடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயரை அடங்கலில் ஏற்றச் சொல்லி நகல் வாங்கி வையுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு ஓடினால் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

கேள்வி: வெள்ளத்தில் கறவை மாடு செத்துவிட்டது. புதைத்தாயிற்று.

அவசரப்பட்டுவிட்டீர்கள். அதே 2022-26 விதிமுறைப்படி மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் கால்நடை மருத்துவர் பார்த்து எழுதிய சான்று வேண்டும். படம் ஏதாவது எடுத்திருந்தால் அதோடு இன்றே போய்ப் பாருங்கள்.

கேள்வி: எனக்குப் பணம் வரவில்லை. ஏன்?

எந்த ஊர், என்ன பயிர், எந்த மழை? ஒன்றும் எழுதாமல் ஏன் என்று கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, பயனாளிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்புறம், அடங்கல் நகலும் கையில் இருக்கட்டும்.