50,000 வெள்ளிக்கு பிஎம்டபிள்யூ: ரிப்பேருக்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வயது 34, ஈப்போவில் தொழிற்சாலை வேலை. பிடித்தம் போக 4,600 வெள்ளி கைக்கு வருகிறது. 2013 பிஎம்டபிள்யூ 320ஐ ஒன்று 50,000 வெள்ளிக்கு வந்திருக்கிறது. மீட்டரில் 128,000 கிலோமீட்டர். சேமிப்பு 9,000 இருக்கிறது, அதில் 5,000 முன்பணம். மீதிக்கு லோன், மாதம் 900, ஐந்து வருடம். இப்போது ஓட்டும், கடன் முடிந்த மைவி காரைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவேன். அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்; அவரை இந்தக் காரில் உட்கார வைக்க ஆசை. மனைவி வேண்டாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு நான் உங்கள் மனைவி பக்கம். ஆசையில் தப்பில்லை, கணக்குதான் இடிக்கிறது.

புதிதில் இந்தக் கார் இரண்டு லட்சம் வெள்ளிக்கு மேல். இன்று 50,000. ஆனால் விலை இறங்கியது வண்டிக்கு, உதிரிச் சாமானுக்கு இல்லை.

நானும் பட்டவன்தான். பல வருடத்துக்கு முன் ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கினேன். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும்போது, மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப், மின்சாரத்தில் ஓடுவது, முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிட்டது. பின் சீட்டில் மாமியார் வேறு. இழுத்துப்போன கூலி, பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்ந்து பாதிச் சம்பளத்தைத் தின்றது.

நீங்கள் பார்த்திருக்கும் வண்டியிலும் மின்சார பம்ப்தான். அதைவிட எனக்குப் பயம் டைமிங் செயின், அதாவது எஞ்சினின் உள்பாகங்களை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலி. அந்த வருடத்து 320ஐயில் இருக்கும் என்20 எஞ்சினில், செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்து உடைவது ஃபோர்மன்களுக்குப் பழகிப்போன கோளாறு. முற்றினால் எஞ்சினே போய்விடும். பார்க்கப் போனால் காலையில் போங்கள். முதலில் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றிவிட்டார்கள். ஸ்டார்ட் செய்து மெல்ல ரேஸ் கொடுக்கும்போது ஊளையிடுவது போல் சத்தம் வந்தால் திரும்பிவிடுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்பார்கள். அந்த கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது; ரசீதைக் கேளுங்கள். வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் பாஸ் ஆனதைக் காட்டி ஆறுதல் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெயர் மாற்றச் சோதனையில் யாரும் செயின் கைடைத் திறந்து பார்ப்பதில்லை.

சரி, மாதக் கணக்குக்கு வருவோம். தவணை 900. ரிப்பேருக்கு 500 எடுத்து வையுங்கள், கோளாறு வந்தாலும் வராவிட்டாலும்; இது என் கைக்கணக்கு. ரோட் டேக்ஸ் வருடத்துக்கு 380 அளவில்தான். காப்புறுதியும் சேர்த்து மாதம் 120 என்று வைப்போம், அதுவும் மைவியின் என்சிடியை (கிளெய்ம் செய்யாததற்குக் காப்புறுதியில் கிடைக்கும் கழிவு) இந்த வண்டிக்கு மாற்றினால். செம்மோர் வழியாகத் தினமும் ஈப்போ போய்வரப் பெட்ரோல் 350. ஆகமொத்தம் 1,870, சம்பளத்தில் பத்துக்கு நான்கு பங்கு. வீட்டுத் தவணை, பிள்ளைகள் செலவு பற்றி நீங்கள் எழுதவே இல்லை. முன்பணம் போக மிஞ்சும் 4,000 ஒரு பெரிய ரிப்பேருக்கே காணாது. அப்புறம் இபிஎஃப் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கில் கை வைக்கத் தோன்றும்.

மைவியை யாருக்கும் கொடுக்காதீர்கள். பிஎம்டபிள்யூ ஒரு வாரம் வொர்க்‌ஷாப்பில் கிடந்தால் வேலைக்கு எதில் போவீர்கள்? ஆறு மாதம் அதையே ஓட்டுங்கள். சம்பளம் வந்த அன்றே தவணையும் ரிப்பேர் காசும் சேர்த்து 1,400 வெள்ளியைத் தனிக் கணக்கில் போடுங்கள், கார் வந்துவிட்டது போல நினைத்துக்கொண்டு. நடுவில் அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், தவணையும் அந்த மாதம் அப்படித்தான் தடுமாறியிருக்கும். எடுக்கவே இல்லையென்றால் 8,400 சேர்ந்திருக்கும். அது ரிப்பேர் காசு, முன்பணத்தில் போட்டுவிடாதீர்கள்.

அப்போதும் ஆசை இருந்தால் 2015 கடைசிக்குப் பிறகு முகம் மாறி வந்த மாடலைத் தேடுங்கள். விலை கூடும், ஆனால் எஞ்சின் வேறு, பி48. ஈப்போவில் இந்த வகைக் கார்களையே பார்க்கும் ஃபோர்மன் ஒருவரிடம் கொண்டுபோய் கம்ப்யூட்டர் போட்டுப் பாருங்கள். விற்பவர் அதற்கு இழுத்தடித்தால் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.