தொலைபேசி கடத்தாத கனத்த குரல் நமக்கு எப்படிக் கேட்கிறது?

கேள்வி: பழைய தரைவழித் தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் கடத்துவதில்லை என்கிறார்கள். அப்படியானால் கனத்த ஆண்குரல் அதில் எப்படிக் கேட்கிறது?

கடத்துவதில்லை என்பது உண்மைதான். அந்த இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையே அனுப்பியது. என் தந்தையின் குரலுடைய அடிப்படை அதிர்வெண் சுமார் 110 ஹெர்ட்ஸ்; குரலில் அதனோடு அதன் மடங்குகளான 220, 330 முதலியவையும் சேர்ந்தே ஒலிக்கும். அவர் தொலைபேசியில் பேசும்போது 110, 220 ஆகிய இரண்டும் வழியிலேயே நின்றுவிட, 330, 440, 550 என்று மேலே அடுக்கடுக்காக உள்ளவை மட்டுமே வந்து சேரும். குரல் சற்று மெலிந்து தகரத்தில் பட்டது போல ஒலிக்குமே தவிர, அதன் சுருதி உயர்ந்ததாக ஒருநாளும் தோன்றியதில்லை.

உட்காதின் நத்தைக்கூட்டில் சுருண்டிருக்கும் மெல்லிய சவ்வின் தொடக்கப் பகுதி உயர்ந்த அதிர்வெண்களுக்கும் கடைக்கோடி தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் அதிர்கிறது. சவ்வில் அதிரும் இடம் மட்டுமே சுருதியைத் தீர்மானிக்குமானால், வந்து சேர்ந்தவற்றுள் மிகத் தாழ்ந்ததான 330தான் கேட்க வேண்டும். அதாவது தந்தையின் சட்ஜம் மேல் ஸ்தாயிப் பஞ்சமமாகியிருக்க வேண்டும். அப்படி ஆகாததற்குக் காரணம், 330, 440, 550 மூன்றும் 110இன் மடங்குகள் என்பதே. அவை கலந்த அலை 110இல் ஒரு பங்கு நொடிக்கு ஒருமுறை, அதாவது சுமார் 9 மில்லி நொடிக்கு ஒருமுறை, அதே வடிவில் திரும்ப வருகிறது. செவி நரம்புகள் அதிர்வோடு இசைந்து துடிப்பதால் அந்தக் கால ஒழுங்கும் மூளைக்குச் செல்கிறது. எந்தச் சுரத்தின் மடங்குகள் இவை என்று மூளை கண்டுகொண்டு, வராத அந்தச் சுரத்தையே நமக்குக் கேட்கச் செய்கிறது.

1840களில் ஜெர்மன் இயற்பியலாளர் சீபெக், சுழலும் துளைவட்டில் காற்றை ஊதி ஒலியெழுப்பும் சைரன் கருவி கொண்டு இதைக் காட்டியபோது, மின்தடை விதிக்குப் பெயர்பெற்ற அதே ஓம் அதை ஏற்கவில்லை. காதே அந்தத் தாழ்ந்த ஒலியை உள்ளே உருவாக்கிக்கொள்கிறது என்ற விளக்கமும் நெடுநாள் நிலவியது. 1950களில் அமெரிக்க உளவியலாளர் லிக்லைடர், தாழ்ந்த அதிர்வெண் பகுதியை இரைச்சலால் மூடிய பிறகும் சுருதி கேட்பதைக் காட்டினார். உள்ளே உண்மையாகவே ஒலி உருவாகியிருந்தால் இரைச்சலில் அது அமுங்கியிருக்கும்.

கணினியில் 330, 440, 550 ஹெர்ட்ஸ் என ஒவ்வொன்றும் ஒரே அதிர்வெண் கொண்ட மூன்று தூய சுரங்களை உருவாக்கி ஒருசேர ஒலிக்கவிட்டு நீங்களும் சோதிக்கலாம். நான் முதன்முறை கேட்டபோது, வேறேதோ கீழ்ச்சுருதியில் ஓடுகிறது என்றெண்ணித் திறந்திருந்த மற்றவற்றையெல்லாம் மூடினேன். சிலருக்கு மூன்றும் தனித்தனியாகவே கேட்கும். அவர்கள் 660, 770 ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம்.