செட்டிநாட்டிலிருந்து வெளிநாடு போன சிலையை, வெளிநாட்டு நிருபர்களோடு சேர்ந்து எப்படித் துப்புத் துலக்குவது?

கேள்வி கேட்டவர் காரைக்குடி வட்டார நிருபர். உள்ளூரிலிருந்து போனதாகச் சொல்லப்படும் சிலை ஒன்று வெளிநாட்டு விற்பனைக்கூடத்தின் தளத்தில் இருக்கிறதாம். அங்குள்ள பத்திரிகையாளர்களோடு எப்படிச் சேர்வது, எதில் கவனம் வேண்டும் என்கிறார்.

கூட்டுப் புலனாய்வு என்றாலே பனாமா ஆவணங்கள்தான் (பனாமா வக்கீல் நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்த கோப்புகள்) ஞாபகத்துக்கு வரும். 2016-ல் வெளியானது, 1.15 கோடி கோப்புகள், 370-க்கு மேற்பட்ட நிருபர்கள். ஒரு சிலைக்கு அவ்வளவு பெரிய பந்தல் வேண்டாம். இங்கே நீங்கள், சரக்கு இறங்கிய ஊரில் ஒருவர், பொருள் இப்போது இருக்கும் ஊரில் ஒருவர், மூன்று பேர் போதும்.

ஆள் தேடும் முன் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் தகவலோடு போனால் உங்களை மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடுவார்கள். பழைய புகைப்படத்தோடு போனால் கதையே உங்களுடையது. விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் விஷயத்தைப் பாருங்கள். சிட்னியில் உள்ள கலைக்கூடம் அதை 2004-ல் வாங்கியபோது, 1970-ல் டில்லிக் கடையில் வாங்கியதாக விற்பனைத் தரப்பில் ரசீது காட்டினார்கள். ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் 1974-ம் ஆண்டுப் படத்தில் அதே சிலை கோயிலிலேயே நிற்கிறது. ரசீது பொய் என்பதற்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. 2014-ல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

ஆகவே முதல் கடிதம் அந்த நிறுவனத்தின் புகைப்படக் காப்பகத்துக்கு. அங்கே கிடைக்காவிட்டால் கும்பாபிஷேக மலர், வீட்டுக் கல்யாண ஆல்பம். படத்தையும் விற்பனைத் தளத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்து முகத்தைப் பார்க்காதீர்கள், முகம் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பீடத்துத் துளைகள், உடைந்த விரல், திருவாசியில் (சிலையைச் சுற்றிய வளைவு) விட்டுப்போன சுடர், வார்ப்பில் விழுந்த குழி ஆகியவற்றைப் பாருங்கள். மூன்று அடையாளமாவது ஒத்துப்போக வேண்டும்.

வீட்டுத் தூண், நிலைக்கதவு என்றால் கதை வேறு. 1972-ம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக நூறு வயது ஆனால்தான் பழம்பொருள். அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1930-களில் கட்டிய வீட்டுப் பர்மா தேக்குத் தூண் அந்தக் கணக்கில் வராது. வீடு கட்டிய வருஷத்தை உறுதி செய்யாமல் ‘கடத்தல்’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். இன்னொன்று, பாகம் பிரியாத வளவில் (பங்காளிகளுக்குப் பொதுவான வீடு) ஒரு பங்காளி கேட்காமல் விற்றிருப்பார், மற்றவர் ‘திருட்டு’ என்பார். அது குடும்ப வழக்கு. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் விற்பவர்கள் எல்லோரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

வேலையை யார் எதைச் சட்டப்படி வாங்க முடியும் என்பதை வைத்துப் பிரியுங்கள். நம் தகவல் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டு நிருபருக்கு நீங்கள் தேவைப்படுவது அதனால்தான். 10 ரூபாய், 30 நாள். ‘விசாரணை விவரம்’ என்று கேட்டால் விசாரணைக்கு இடையூறு என்னும் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். கோயில் சொத்துப் பதிவேட்டில் அந்தச் சிலைக்குரிய பக்கத்தின் நகல், கடைசியாகச் சரிபார்த்த தேதி என்று குறிப்பாகக் கேளுங்கள். அமெரிக்கத் தகவல் சட்டத்தில் காரைக்குடியிலிருந்துகூட மனுப் போடலாம். பிரிட்டிஷ் கம்பெனிப் பதிவேட்டை இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்க இறக்குமதிச் சரக்குப் பட்டியலைத் தனியார் நிறுவனங்கள் தொகுத்து விற்கின்றன. ஆனால் இறக்குமதியாளர் கேட்டுக்கொண்டால் பெயரை மறைத்துவிடுவார்கள், அங்கே ஒன்றும் இல்லையென்றால் சரக்கே போகவில்லை என்று அர்த்தமில்லை.

பெயர் விஷயத்தில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நகரத்தார் விலாசத்தில், அதாவது பெயருக்கு முன்னால் போடும் எழுத்துகளில், மூன்று நான்கு தலைப்பெழுத்து வரும். கணினி அதில் ஒன்றைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். போதாததற்குப் பேரனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயர். கம்பெனிப் பதிவில் இருப்பது தாத்தாவா பேரனா என்று பிறந்த தேதியை வைத்துத் தீர்க்காமல் யார் பெயரையும் வெளியிட வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டாளிகளுக்குக் கொடுங்கள்.

வெளியீட்டு நேரத்தை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில்தான் வெளியிட வேண்டும், அதற்கு முன் கூடாது. அந்த நேரம் லண்டன் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5:30, அவர்கள் கோடையில் 4:30. அதற்குள் நம் அச்சுப் பேப்பர் பஸ்ஸில் தேவகோட்டை போய்ச் சேர்ந்திருக்கும். ‘தடையை மீறிவிட்டீர்கள்’ என்று சண்டை வரும். லண்டன் மாலை 6 மணி என்று வைத்தால் இருவருக்கும் ஒத்துவரும்.

எதிர்த்தரப்பு விளக்கத்தை எல்லா நாட்டிலும் ஒரே நாளில் கேளுங்கள். ஒருவர் முந்திக்கொண்டு கடைக்குப் போன் போட்டால், மறுநாள் அந்தத் தளத்தில் சிலையின் பக்கமே இருக்காது. அதனால் முதல் வேலையாக அந்தப் பக்கத்தை இணையக் காப்பகத்தில் சேமித்து, படக்கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) குறித்துவையுங்கள். இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழில் (மின்னணுச் சாட்சியத்துக்கானது) அதைக் கேட்கிறார்கள். பேச்சுக்கு வாட்ஸ்அப் குழு வேண்டாம், சிக்னல் செயலி போதும்.

கடைசியாக வக்கீல் செலவு. அவதூறு இங்கே குற்றவியல் வழக்கு, இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. நோட்டீஸ் வருவது பெரும்பாலும் கைக்கெட்டும் உள்ளூர்க்காரருக்குத்தான். உங்களுக்கான வக்கீலை யார் வைப்பார்கள், எவ்வளவு காலத்துக்கு என்பது கூட்டு ஒப்பந்தத்தில் இல்லையென்றால், பழைய படத்தின் பிரதியை அனுப்பாதீர்கள்.