போஸ்டரில் அந்த ‘என் (n) = 3’ எங்கிருந்து வந்தது? – கேள்வி பதில்

மாநாட்டுக் காலம் நெருங்கிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாணவர் ஆய்வுரைப் போட்டி, போஸ்டர் போட்டி பற்றியவை. சுற்றறிக்கையை ஒருமுறை முழுதாகப் படித்திருந்தால் பாதிக் கடிதங்களுக்குத் தேவையே இருந்திருக்காது. ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்கிறேன், இந்த ஆண்டும் சொல்கிறேன்.

கே: போஸ்டர் எந்த அளவில் இருக்க வேண்டும்? – எம்.எஸ்சி. மாணவர், தஞ்சாவூர்

ப: எந்த மாநாடு என்று எழுதாமல் அளவை மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? சுற்றறிக்கையைப் பாருங்கள். பொதுவாக ஏ0, அதாவது சுமார் 84 செ.மீ.க்கு 119 செ.மீ. நெடுக்குவாட்டா, கிடைவாட்டா என்பதையும் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நெடுக்குப் பலகையில் கிடைவாட்டுப் போஸ்டரை மாட்டினால் பக்கத்து மாணவரின் போஸ்டர் பாதி மறையும். ஃப்ளெக்ஸில் அடித்தால் மடிக்காமல் சுருட்டி எடுத்துப் போங்கள். மடிப்பு சரியாக வரைபடத்தின் நடுவில்தான் விழும்.

கே: போஸ்டரில் 1,200 சொற்கள் வந்துவிட்டன. எதை வெட்டுவது? – ஆய்வு மாணவர், மதுரை

ப: முன்னுரையை. நடுவருக்கு அந்தத் துறை தெரியும். 300, 400 சொற்களுக்குள் முடியுங்கள். எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது. நடுவர் இரண்டு மணி நேரத்தில் இருபது, முப்பது போஸ்டர் பார்க்கிறார். உங்களுக்குக் கிடைப்பது நான்கைந்து நிமிடம்.

2019-இல் மைக் மாரிசன் என்ற ஆய்வு மாணவர் புது வடிவம் ஒன்றை முன்வைத்தார். முக்கிய முடிவை எளிய ஒரே வாக்கியமாக நடுவில் பெரிதாகப் போட்டு, மற்றதை ஓரங்களுக்கும் க்யூஆர் குறியீட்டுக்கும் தள்ளிவிடுவது. நடுவில் அந்த ஒரு வாக்கியம் இருப்பது எனக்கும் பிடிக்கும். தரவை க்யூஆருக்குள் ஒளிப்பது பிடிக்காது. மாநாட்டு அரங்கில் பல நேரம் சிக்னலே இருக்காது. நடுவர் பார்க்க வேண்டிய வரைபடம் கண்முன்னே இருக்கட்டும்.

கே: ‘த்ரீ மினிட் தீசிஸ்’ போட்டிக்குப் போகிறேன். என் கருவியின் சிறு மாதிரியை மேடையில் காட்டலாமா? கடைசியில் ஒரு கவிதை சொல்லி முடிக்க ஆசை. – முனைவர் பட்ட மாணவர், சென்னை

ப: இரண்டும் கூடாது. 2008-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிய போட்டி இது. அசைவில்லாத ஒரே ஸ்லைடு, மூன்று நிமிடம். கையில் பொருள் கூடாது, ஒலி, காணொளி கூடாது, பாட்டு, கவிதை, ராப் கூடாது. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதி நீக்கம். இதெல்லாம் விதித்தாளிலேயே இருக்கிறது. இதே பெயரில் நடத்தும் சில கல்லூரிகள் சொந்த விதி சேர்ப்பதுண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் 2 நிமிடம் 40 விநாடியில் முடியும்படி பழகுங்கள். மேடையில் மூச்சு வாங்கும், நேரம் நீளும்.

கே: பேச்சை மனப்பாடம் செய்யலாமா? – பெயர் வேண்டாம்

ப: முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும்.

கே: நடுவர் ‘உங்கள் என் (n, அதாவது மாதிரி எண்ணிக்கை) எத்தனை?’ என்று கேட்டார். மூன்று என்றேன். ‘மூன்று எது?’ என்றார். விளக்கியதும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். மூன்று முறை அளப்பதுதானே வழக்கம்? வரைபடத்தை இணைத்திருக்கிறேன். – நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

ப: நடுவர் செய்தது சரி. உங்கள் வரைபடத்தைப் பார்த்தேன், செய்முறைக் குறிப்பையும் படித்தேன். ஒரே குடுவையில் வளர்த்த பாக்டீரியாவைச் சோதனைத் தட்டின் மூன்று குழிகளில் ஊற்றி, மூன்று அளவீடு எடுத்திருக்கிறீர்கள். அது ‘என் = 3’ அல்ல, ‘என் = 1’.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மூன்று பருக்கை எடுத்து நசுக்கினாலும் அந்த ஒரு பானை வெந்ததா என்றுதான் தெரியும். அந்த அரிசி எப்போது வைத்தாலும் அப்படித்தான் வேகுமா என்று அறிய மூன்று முறை தனித்தனியாக உலை வைக்க வேண்டும். உங்கள் மூன்று குழிகளும் உங்கள் பிப்பெட் கை எவ்வளவு நிதானம் என்பதைக் காட்டுகின்றன. மருந்து பாக்டீரியாவை என்ன செய்கிறது என்பதைக் காட்ட, வெவ்வேறு நாளில், வெவ்வேறு காலனியிலிருந்து தொடங்கிய மூன்று வளர்ப்புகளாவது வேண்டும்.

தோட்டக்கலை மாணவர்களுக்கும் இதேதான். ஒரே பாத்தியில் உரம் போட்டு அங்கேயே முப்பது செடி அளந்தால் ‘என்’ முப்பது ஆகாது. ஒரு கூண்டுக்கு மருந்து, ஒரு கூண்டுக்குத் தண்ணீர் என்று வைத்து எலிகளை எண்ணினாலும் அப்படியே. மருந்தின் விளைவையும் கூண்டின் விளைவையும் பிரிக்க முடியாது. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இலேயே ஒன்றையே பல முறை அளந்து தனித்தனிச் சோதனையாக எண்ணும் இந்தப் போலி மறுசெய்கையைப் பெயர் வைத்து விரிவாகக் கண்டித்து எழுதினார். நாற்பது ஆண்டு கடந்தும் போஸ்டருக்குப் போஸ்டர் அதையே பார்க்கிறேன். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மாணவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சீனியர் செய்ததைப் பார்த்து ஜூனியர் செய்கிறார், கையெழுத்துப் போடும் நெறியாளர் கேட்பதில்லை.

இன்னொன்றும் உங்கள் படத்தில் இருக்கிறது. எரர் பார், அதாவது அளவீடு எவ்வளவு முன்பின்னாகலாம் என்று காட்டும் சிறு கோடு போட்டிருக்கிறீர்கள், அது எதைக் குறிக்கிறது என்று எழுதவில்லை. திட்ட விலக்கமா (அளவீடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன), திட்டப் பிழையா (சராசரி எவ்வளவு நம்பகம்)? திட்ட விலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது திட்டப் பிழை. ‘என்’ மூன்று என்றால் கோடு ஏறக்குறைய 60 சதவீதமாகச் சுருங்கிவிடும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகத் திட்டப் பிழையைப் போட்டு, எதுவும் எழுதாமல் விடுவது படிப்பவரை ஏமாற்றுவது. படத்தின் கீழே ஒரு வரி போதும்: எத்தனை தனித்தனிச் சோதனை, கோடு எதைக் குறிக்கிறது.

சோதனையைத் திரும்பச் செய்ய நேரமில்லை என்றால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் ‘ஒரே வளர்ப்பு, மூன்று அளவீடு, முதற்கட்ட முடிவு’ என்று போஸ்டரிலேயே எழுதியிருந்தார். நடுவர்கள் மூவரும் கூடிப் பேசி அவருக்கே இரண்டாம் பரிசு கொடுத்தோம்.

கே: நெறியாளரின் பழைய தரவையும் சேர்த்துக் காட்டலாமா? – வேலூர்

ப: யார் எடுத்தது என்று எழுதிவிட்டுக் காட்டுங்கள். டி.என்.ஏ. வரிசைப்படுத்தலை வெளி நிறுவனம் செய்து கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ‘இதில் நீங்கள் செய்தது எது?’ என்ற கேள்வி கட்டாயம் வரும்.

கே: எங்கள் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்கும் எண்ணம் உண்டு. மாநாட்டில் சொன்னால் சிக்கலா? – பொறியியல் மாணவர்கள், சேலம்

ப: சிக்கல்தான். முன்பே வெளியே சொல்லிவிட்டால் அது புதியது அல்ல என்று ஆகிவிடலாம். முதலில் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள், பிறகு மேடை ஏறுங்கள். அதன்பின் முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் உண்டு. கண்டுபிடித்தவரே கற்றறிந்தோர் சங்கத்தில் கட்டுரை வாசித்திருந்தால், 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க நம் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை நம்பி உட்காராதீர்கள். உங்கள் போட்டி அந்த வரையறைக்குள் வருமா என்பதே வழக்காகலாம், ஐரோப்பாவில் இப்படிச் சலுகை கிடையாது. ஆய்வுச்சுருக்கத் தொகுப்பு மாநாட்டுக்கு முன்பே இணையத்தில் ஏறிவிடுவதுண்டு. ஆகவே சுருக்கம் அனுப்பும் நாளுக்கு முன்பே விண்ணப்பத்தை முடியுங்கள்.

கே: தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எங்கள் மாணவிகள் தயாராகிறார்கள். ஆங்கிலத்தில் பேசினால் கூடுதல் மதிப்பெண் உண்டா? – ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

ப: வேண்டாம், டீச்சர். 1993 முதல் நாடு முழுக்க நடக்கும் இந்த மாநாடு 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆராய்வதற்கானது. ஊர்க் கிணறுகளில் அவர்கள் எடுத்த அளவைத் தமிழில் தெளிவாகச் சொல்லட்டும். களக் குறிப்பேட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மை சிந்தி, அடித்துத் திருத்தி இருந்தால் அப்படியே இருக்கட்டும், புதிதாகப் படியெடுக்க வேண்டாம்.

கே: 6,000 ரூபாய் கட்டினால் ‘சிறந்த ஆய்வுரை விருது’ உறுதி என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. – திருநெல்வேலி

ப: கட்டாதீர்கள். போட்டி நடக்கும் முன்பே விருது உறுதி என்றால் அங்கே போட்டி இல்லை.

கே: விடை தெரியாத கேள்வி வந்தால்? – பல பேர்

ப: ‘தெரியவில்லை, இப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்’ என்று சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் கேள்வி நேரம் தீரும். மறுபடியும் சொல்கிறேன், கடிகாரத்தைப் பாருங்கள்.

கே: பரிசு வரவில்லை. நடுவரிடம் மதிப்பெண் பட்டியல் கேட்கலாமா? – எம்.பில். முடித்தவர், யாழ்ப்பாணம்

ப: பட்டியல் தர மாட்டார்கள். குறை என்ன என்று கேளுங்கள், பெரும்பாலானோர் சொல்வார்கள். மாலைத் தேநீர் இடைவேளையில் போங்கள். போஸ்டரின் ஏ4 படி ஒன்றும் பேனாவும் கையில் இருக்கட்டும்.