பழைய 192, புதிய 58

அன்புள்ள சார்,

நீங்கள் கல்லூரியில் கணிதம் எடுப்பவர் என்பதால் உங்களிடமே கேட்கிறேன். டெக்சாஸில் இருக்கிறேன், சொந்த ஊர் மதுரைப் பக்கம். பிபிஏ முடித்ததும் கல்யாணம், உடனே அமெரிக்கா, அப்புறம் பிள்ளைகள் என்று காலம் போய்விட்டது. இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் எண்ணத்தில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறேன். கால்குலஸுக்கு முன் ப்ரீகால்குலஸ் எடுக்கச் சொன்னார்கள். பிளஸ் டூவில் 200க்கு 192 வாங்கியவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று அலட்சியமாகத்தான் போனேன். முதல் டெஸ்டில் 58. ஹோம்வொர்க் எல்லாவற்றிலும் 95க்கு மேல். வகுப்பில் புரிகிறது, கேள்வித்தாளைப் பார்த்தால் கை ஓடவில்லை. சுற்றிலும் என் பையன் வயதுப் பிள்ளைகள், அவர்கள் முன்னால் பேராசிரியரிடம் கேட்கவும் கூச்சம். வயதாகிவிட்டதா? விட்டுவிடலாமா? எப்படித்தான் படிப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பையன்களில் பலர் அதே டெஸ்டில் உங்களைவிடக் குறைவாக வாங்கியிருப்பார்கள், வெளியே சொல்லமாட்டார்கள்.

உங்கள் 192 பொய்யில்லை. ஆனால் அது வேறு ஆட்டம். ஒன்று, ஆறு, பத்து மதிப்பெண் என்று பிரித்து வைத்த அந்தக் கேள்வித்தாள் நினைவிருக்கிறதா? எந்தப் பாடத்திலிருந்து எந்தக் கேள்வி வரும் என்று டியூஷனில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கேள்வியைப் பார்த்ததும் பயிற்சி எண்ணே ஞாபகம் வரும். ஒரு வருடம் முழுக்கப் படித்து ஒரே நாளில் கொட்டினோம். இங்கே சில வாரங்களுக்கு ஒரு டெஸ்ட். கேள்வியும் புத்தகத்தில் உள்ள அதே கேள்வியாக வராது. இரண்டு பாடங்களைக் கோத்து, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் கேட்பார்கள். என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி கணக்கு இருக்கிறது. உங்கள் கை நின்றது அங்கேதான்.

அப்புறம் அந்த 95. மைமேத்லேப் மாதிரி ஏதாவது ஓர் ஆன்லைன் ஹோம்வொர்க் தளத்தில்தான் செய்திருப்பீர்கள். அதில் வழிமுறையை ஒவ்வொரு படியாகக் காட்ட ஒரு பொத்தான், மாதிரிக் கணக்கு காட்ட இன்னொன்று, தப்பானால் எண்களை மட்டும் மாற்றி அதே கணக்கைத் திரும்பத் தர மூன்றாவது. உதவியைப் பார்த்துவிட்டு புது எண்களைப் போட்டால் பச்சை டிக் விழுந்துவிடும். விடாமல் உட்கார்ந்து முடித்தீர்கள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஹோம்வொர்க்கைத் தனியாக ஒரு நோட்டில், முழு வரிகளாக, எந்தப் பொத்தானையும் தொடாமல் போடுங்கள். விடையைச் சரிபார்க்க மட்டும் கணினி. நின்றுபோனால் உதவியைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு நாள் கழித்து வெறும் தாளில் மறுபடி போடுங்கள். எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

நேரக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடலாம். அமெரிக்க அரசின் வரையறைப்படி ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வெளியே குறைந்தது இரண்டு மணி நேர வேலையும். டெக்சாஸில் ப்ரீகால்குலஸ் (மேத் 2412) நான்கு கிரெடிட். ஆக வீட்டில் மட்டும் வாரம் எட்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் அது செல்லாது. பிள்ளைகளைக் கிளப்பிவிட்ட பிறகு காலையில் ஒன்றரை மணி நேரம், வாரத்தில் ஐந்தாறு நாள் என்று வையுங்கள்.

அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் முக்கியம். மாதிரிக் கணக்குகளைப் படித்துக்கொண்டே போவதுதான் நம்மூர் வழக்கம். படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் படும். புத்தகத்தை மூடிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அதோடு கணக்குகளைக் கலந்து போடுங்கள். இன்றைய பாடத்தில் நான்கு, போன வாரத்தில் மூன்று, முதல் அத்தியாயத்தில் இரண்டு. 2007இல் தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போட்டவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் திணறினார்கள். ஒரு வாரம் கழித்து டெஸ்ட் வைத்தபோது வரிசையாகப் போட்டவர்களுக்கு 20 சதவீதம், கலந்து போட்டவர்களுக்கு 63. பயிற்சியில் திணறினால் பதறாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்த 58 தாளை எடுத்து வையுங்கள். மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் பழைய அல்ஜீப்ராவா, புதுப் பாடமா என்று எழுதுங்கள். பெரும்பாலும் அல்ஜீப்ராதான் நிறைய வரும். 9+16க்கு வர்க்கமூலம் 5. ஆனால் எண்கள் போய் எழுத்துகள் வந்ததும், தனித்தனியாக மூலம் எடுத்து, 3+4 என்பதுபோல் கூட்டுகிற பழக்கம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. 12+6ஐ 6ஆல் வகுத்தால் 3. மேலேயும் கீழேயும் உள்ள 6ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதுகிற பிள்ளைகளை ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன். எண்ணாக எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள், எக்ஸ் வந்தால் செய்கிறார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் எக்ஸுக்கு ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஓட்டை அங்கேதான் என்றால், ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசம். காசு கொடுத்து வேறெதுவும் வாங்க வேண்டாம்.

புதுப் பாடத்தில் ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறேன். ஒரு சார்பில் (ஃபங்ஷனில்) எக்ஸ் இருந்த இடத்தில் எக்ஸ் கழித்தல் 3 என்று போட்டால் வரைபடம் வலப்பக்கம் மூன்று கட்டம் நகரும். கழித்தல் என்றால் இடப்பக்கம்தானே போக வேண்டும்? 'எதிர்ப்பக்கம்' என்று மனப்பாடம் செய்துவிட்டு எல்லோரும் கடந்துபோகிறார்கள். முன்பு எக்ஸ் 0ஆக இருந்தபோது கிடைத்த மதிப்பு இப்போது கிடைக்க, எக்ஸ் 3ஆக இருக்க வேண்டும். அந்தப் புள்ளி 3க்குப் போகிறது, மற்ற புள்ளிகளும் அதேபோல. இது புரிந்தவருக்கு, பின்னால் சைன் அலையை நகர்த்தும் பாடத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. மனப்பாடம் செய்தவர் அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

முக்கோணவியலில் உங்களுக்குக் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது. எந்தக் கால்பகுதியில் சைன், காஸ், டேன் எது நேர்க்குறி என்று நினைவில் வைக்கச் சொல்லித்தந்த 'ஆல் சில்வர் டீ கப்ஸ்' மறந்திருக்காது. இங்கே அதையே 'ஆல் ஸ்டூடண்ட்ஸ் டேக் கால்குலஸ்' என்பார்கள். டீ கப்பே மேல் என்பது என் கட்சி. யூனிட் சர்க்கிளில் (ஆரம் 1 உள்ள வட்டம்) முதல் கால்பகுதியின் 30, 45, 60 பாகைகளை மட்டும் மனதில் வையுங்கள், மீதி டீ கப்பிலிருந்து வரும். ஆனால் பாகையை விட்டு, ரேடியன் என்ற கோண அளவிலேயே யோசிக்கப் பழகுங்கள். கால்குலேட்டர் எந்த அளவில் இருக்கிறது என்று டெஸ்டுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் ஹவர், அதாவது மாணவர்கள் சந்தேகம் கேட்கப் பேராசிரியர் தன் அறையில் இருக்கும் நேரம், அதைப் பற்றிக் கூச்சம் வேண்டவே வேண்டாம். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் எங்களுக்குச் சம்பளம். பெரும்பாலான வாரங்களில் யாரும் வராமல் நானே காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 'எனக்குப் புரியவில்லை' என்று போனால் உங்கள் பேராசிரியர் முழுப் பாடத்தையும் மறுபடி சொல்வார், நீங்களும் தலையாட்டிவிட்டு வருவீர்கள். பாதியில் நின்ற கணக்கைக் கொண்டுபோய் 'இந்த வரி வரை வந்தேன், அடுத்து ஏன் இது?' என்று கேளுங்கள். அறையில் நீங்கள் இருவர்தான் இருப்பீர்கள், பையன்கள் யாரும் பார்க்கமாட்டார்கள்.

விடுவதா? இப்போது வேண்டாம். வழக்கமான செமஸ்டரில் பன்னிரண்டாவது வகுப்பு நாளுக்குள் விட்டால் சுவடே இருக்காது. முதல் டெஸ்ட் திருத்தி வந்துவிட்டது என்றால் அந்த நாள் அநேகமாகப் போயிருக்கும். இனி விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) பாதியில் விட்டதைக் குறிக்கும் டபிள்யூ விழும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் 2007 இலையுதிர் பருவத்திலிருந்து சேர்ந்தவர்கள் பட்டப்படிப்பு முழுவதிலும் ஆறு பாடங்களுக்கு மேல் இப்படி விட முடியாது, சில விலக்குகள் உண்டு. அந்த ஆறில் ஒன்றை ஒரே ஒரு 58க்காகச் செலவழிக்காதீர்கள். சிலபஸை எடுத்து, இறுதித் தேர்வு மிகக் குறைந்த டெஸ்ட் மதிப்பெண்ணுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளப்படுமா என்று பாருங்கள், பல பேராசிரியர்கள் அப்படி வைத்திருப்பார்கள். இரண்டாவது டெஸ்டும் இப்படியே போனால் டபிள்யூவுக்கான கடைசித் தேதிக்கு முன் உங்கள் பேராசிரியரிடம் நேராகப் பேசி முடிவெடுங்கள். கால்குலஸில் சேர பொதுவாக ‘சி’ கிரேடு கேட்பார்கள், ஆனால் தட்டுத்தடுமாறி ‘சி’ வாங்கிக்கொண்டு அங்கே போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பையனிடம் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவன் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். சனிக்கிழமை அவனை உட்காரவைத்து நீங்கள் ஒரு கணக்கை விளக்குங்கள். 'ஏன்?' என்று அவன் கேட்கும் இடத்தில் பதில் வரவில்லையென்றால், திங்கட்கிழமை ஆபீஸ் ஹவருக்கு எடுத்துப்போகக் கேள்வி கிடைத்துவிட்டது.

அன்புடன்.